எத்தன பர்சன்ட் இருக்கு?

சென்ற ஆண்டு நவம்பரில், பினாங்கில் மழை விடாமல் கொட்டிய ஒரு வாரத்தில் நடந்தது இது. இடம், பெருநிலப் பகுதியில் சிம்பாங் அம்பாட் பக்கம் உள்ள ஒரு தாமான், அதாவது வரிசை வீடுகள் கொண்ட குடியிருப்பு. எழுதலாமா என்று சம்பந்தப்பட்டவரிடம் கேட்டேன். பேர் போடாமல் எழுது என்றார். அதனால் அவரை அண்ணன் என்றே எழுதுகிறேன். நேரில் அழைப்பதும் அப்படித்தான்.

முதலில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் பினாங்குத் தீவில், டத்தோ கிராமாட்டில் ஓர் அடுக்குமாடியில் பெற்றோருடன் வசிக்கிறேன். கடலுக்கு அக்கரையில், பெருநிலப் பகுதியில் உள்ள பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் பொறியாளர் வேலை. இரண்டாவது பாலம் வழியாகத் தினமும் போய் வருவேன். வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்து ஒரு மின்சாரக் கார் வாங்கினேன். வாங்கிய மறு வாரமே, உடன் வேலை செய்யும் ஒருவர் என்னை ஒரு கூட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். எல்லாரும் தமிழர்கள், எல்லாரும் காடிப் பைத்தியங்கள். எங்கள் ஊரில் காரைக் காடி என்றுதான் சொல்வோம். ஞாயிறு காலையில் பத்து காவானில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு எதிரே மரத்தடியில் காடிகளை வரிசையாக நிறுத்திவிட்டு, தே தாரேக் என்னும் நுரை டீயைக் குடித்துக்கொண்டு, எஞ்சின், டயர், எண்ணெய் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் சண்டைதான். ஆனால் சிரித்துக்கொண்டே போடும் சண்டை.

அந்தக் கூட்டத்தில் ஃபோர்வீல்காரர்கள் ஒரு கட்சி. சேற்றிலும் மலையிலும் ஏறக்கூடிய, உயர்த்திக் கட்டிய பெரிய வண்டிகளை வைத்திருப்பவர்கள். அவர்களுக்குத் தலைவர் போல இருந்தவர்தான் இந்த அண்ணன். ஐம்பதை நெருங்கும் வயது. காலைப் பூசை முடிந்து, தேவாலயத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு நேராக அங்கே வருவார். அவருடைய கறுப்பு வண்டியில் இல்லாத சாமான் இல்லை: இடுப்பளவு டயர், முன்னால், சேற்றில் சிக்கினால் இழுக்க, இரும்புக் கயிறு சுற்றிய வின்ச், கண்ணாடிக்குப் பக்கத்தில் கூரை வரைக்கும் போகும் ஒரு குழாய். ஆழமான தண்ணீரில் இறங்கினாலும் எஞ்சின் மேலிருந்து காற்றை இழுத்துக்கொள்வதற்கான குழாய் அது.

அவர் எனக்கு வைத்த பெயர் ‘ஹேண்ட்போன்’, அதாவது கைபேசி. என் காடியும் ஹேண்ட்போன் மாதிரி, சார்ஜ் போட்டால்தான் ஓடும் என்பதால். வந்து இறங்கியதும், கோப்பி சொல்வதற்கு முன்பே, என்னைப் பார்த்து உரக்கக் கேட்பார்.

"ஹேண்ட்போன், எத்தன பர்சன்ட் இருக்கு?"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் எண்ணைச் சொல்லிவிட்டுச் சிரிப்பேன்.

அதற்குப் பிறகு அவருடைய கேள்விகள் வரும். மாறாத மூன்று கேள்விகள். அடுக்குமாடியில் இருக்கிறாயே, எங்கே சார்ஜ் போடுவாய்? வெள்ளம் வந்தால் என்ன செய்வாய்? ஊரில் கரண்டு போய்விட்டால் என்ன செய்வாய்? மூன்றாவது கேள்வியில்தான் அவர் குரல் கொஞ்சம் கடுமையாகும். கரண்டை நம்பி எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது, அது எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது, எண்ணெய் என்றால் தோம்பில், பீப்பாயில் வைத்துக்கொள்ளலாம் என்பார்.

என்னிடம் பதில்கள் வரிசையாக இருந்தன. நான் அப்படிப்பட்ட ஆள். கடைக்குப் போனாலும், சண்டைக்குப் போனாலும் மனத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுக்கொள்வேன். ஒன்று, தொழிற்சாலையிலேயே சார்ஜ் போடும் வசதி உண்டு. இரண்டு, பேட்டரி நீர் புகாமல் அடைக்கப்பட்டது. மூன்று, கரண்டு போனால் எண்ணெய் நிலையத்தின் பம்பும்தான் நின்றுவிடும். மூன்றாவது பதிலைச் சொல்லும்போது கூட்டம் கைதட்டும். அண்ணன் மட்டும் சிரிக்க மாட்டார். ஒத்துக்கொள்ளவும் மாட்டார்.

ஒருமுறை இதை வாயால் பேசிப் பயனில்லை என்று, என் காடியிலிருந்தே கரண்டு எடுத்துக் காட்டினேன். சார்ஜ் போடும் துளையில் ஓர் இணைப்பைச் செருகினால், காடியின் பேட்டரியிலிருந்து வீட்டுக் கரண்டு போலவே வெளியே எடுக்கலாம். ஒரு மின்கெண்டியைச் செருகித் தண்ணீர் கொதிக்க வைத்து, அங்கேயே எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். அண்ணன் கோப்பையை வாங்கவில்லை.

"கரண்டு டீ எனக்கு வேணாம்லா. நீங்க குடிங்க," என்றார்.

அவரையும் யாரும் சும்மா விட்டதில்லை. இவ்வளவு சாமான் போட்ட வண்டியை வைத்துக்கொண்டு, அவர் ஒருமுறைகூடக் காட்டுக்குப் போனதில்லை. மற்ற ஃபோர்வீல்காரர்கள் கிளந்தான் எல்லைக் காட்டில் கூடாரம் அடித்துத் தங்கிவிட்டு, சேறு பூசிய படங்களோடு வருவார்கள். இவர் போக மாட்டார். ஞாயிறு கூட்டத்திலும் முதலில் கிளம்புகிறவர் இவர்தான். "வீட்டம்மா கூப்டுட்டாங்க, ஓடுங்கண்ணே," என்று பின்னாலிருந்து ஒருவர் கத்துவார். ஒருநாள் நானும் கேட்டேன். காட்டுக்கே போகாத காடிக்கு எதற்கு அண்ணே அந்தக் குழாய் என்று. அவர் குழாயைத் தட்டிவிட்டு, இருக்கட்டும், தேவைப்படும் என்றார். அவ்வளவுதான்.

இனி அந்த நாள்.

மூன்று நாள்களாக மழை. அன்று காலை நான் பாலத்தைக் கடந்து தொழிற்சாலைக்குப் போய்விட்டேன். வழக்கம்போலக் காடியைச் சார்ஜில் போட்டுவிட்டு உள்ளே போனால், பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. சிம்பாங் அம்பாட் பக்கம் பல இடங்களில் தண்ணீர் ஏறிவிட்டது, சில தாமான்களில் ஆள்களைப் படகில் ஏற்றுகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் கூட்டத்து வாட்சாப்பில், ஃபோர்வீல்காரர்கள் விடிந்ததிலிருந்தே வண்டிகளோடு போய் ஆள்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போவதாகப் படங்கள் வந்துகொண்டிருந்தன. ஒரு படத்தில் அண்ணனின் கறுப்பு வண்டி, கதவு வரைக்கும் தண்ணீரில். பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தட்டில் பிள்ளைகளும் மூட்டைகளும்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் என் தொலைபேசி அடித்தது. அண்ணன். எங்கள் பேச்செல்லாம் ஞாயிறு மரத்தடியோடு சரி. அவர் என்னை அழைத்ததே இல்லை. எடுத்ததும் தண்ணீர் இரைச்சலும் பிள்ளைகள் அழும் சத்தமும் கேட்டன.

"தங்கச்சி, எங்க இருக்க?"

ஹேண்ட்போன் என்று சொல்லவில்லை. அப்போதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. பத்து காவானில்தான் இருக்கிறேன் என்றேன்.

"அன்னைக்கு உன் காடியில தண்ணி கொதிக்க வெச்சியே. அதே மாதிரி ஒரு மெஷின் ஓட்ட முடியுமா? நெசமா ஓடுமா? ஆக்சிஜன் மெஷின். வீட்டுல கரண்ட நிப்பாட்டிட்டாங்க. உங்க அண்ணிக்கு அது இல்லாம முடியாதுமா."

அவருக்கு மனைவி இருக்கிறார் என்பது தெரியும். நோய் இருக்கிறது என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். மெஷின் எத்தனை வாட்? யோசிக்காமல் சொன்னார், முந்நூற்றைம்பது. இந்த எண் கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம் என்று ஞாயிறுதோறும் கையை உதறுகிறவர். கூடத்துக்கும் போர்ட்டிகோவுக்கும் எவ்வளவு தூரம்? அதையும் சொன்னார். மாற்று சிலிண்டர் இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் முந்தைய வாரம் கரண்டு போனபோது பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது, புதியதைக் கொண்டுவர வேண்டியவர்கள் மழையால் வரவில்லை. இப்போது அண்ணி அந்த மிச்சத்தில்தான் மூச்சு விடுகிறார். அவருக்கும் வீட்டுக்கும் நடுவே ஆறு கரை உடைத்து ஓடுகிறது, இந்த வண்டியாலும் அதைக் கடக்க முடியாது, தட்டில் இருப்பவர்களைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு நெடுஞ்சாலையைச் சுற்றி வர வேண்டும்.

ஆம்புலன்ஸ் என்று ஆரம்பித்தேன்.

"கூப்டாச்சு. வர்றோம்னுதான் சொல்றாங்க," என்றார். "அன்னைக்கும் அப்படித்தான் சொன்னாங்க."

என்றைக்கு என்று கேட்க அது நேரமில்லை. மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு, பராமரிப்புப் பிரிவில் கெட்டியான ஆரஞ்சு நிற நீட்டு வயர் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்தேன். காடியில் இணைப்பு இருக்கிறதா என்று பின்னால் திறந்து பார்த்தேன். இருந்தது. இருக்கும் என்று தெரிந்தும் இரண்டு முறை பார்த்தேன். சார்ஜ் எழுபத்தொன்று.

பெரிய சாலையில் சிரமம் இல்லை. அண்ணன் அனுப்பிய இடத்துக்குத் திரும்பும்போதுதான் சிக்கல். அவருடைய தாமான் மேட்டில் இருக்கிறது. ஆனால் அதற்குள் போகும் ஒரே சாலை ஒரு பள்ளத்தில் இறங்கித்தான் ஏறுகிறது. அந்தப் பள்ளம் முழுக்கப் பழுப்புத் தண்ணீர். ஓரத்தில் யாரோ விட்டுவிட்டுப் போன ஒரு கார், சிவப்பு விளக்குகள் மினுங்கிக்கொண்டு சாய்ந்து நின்றது.

நான் நிறுத்திவிட்டேன். பேட்டரி அடைக்கப்பட்டது, நீர் புகாது என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். அங்கே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, அதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது, செய்து பார்த்தது இல்லை என்பது மட்டும்தான் நினைவுக்கு வந்தது. அவரை அழைத்தேன்.

"மொதல்ல காடிய விட்டு எறங்கு. நடந்து பாரு," என்றார். "கால் சப்பாத்தக் கழட்டாத, அடியில என்ன கெடக்குதோ. நடு ரோட்டுலயே நட, ரோட்டுக்கு நடுவுலதான் மேடு. முட்டிக்கு மேல வந்துச்சுனா திரும்பிடு."

திரும்பிவிட்டால் அண்ணிக்கு என்ன என்று கேட்டேன்.

பிள்ளைகள் அழுவது மட்டும் கேட்டது.

"திரும்பிடு. உன் உயிரும் உயிருதான்," என்றார்.

நடந்தேன். தண்ணீர் கணுக்கால், கெண்டைக்கால் என்று ஏறி, முட்டிக்குச் சற்றுக் கீழே நின்றது. இழுப்பு இல்லை, தேங்கிய தண்ணீர்தான். எதிர்க்கரை வரை போய்விட்டுத் திரும்பி வந்து காடியில் ஏறினேன். அலை எழும்பாமல் ஒரே வேகத்தில் போ, நடுவில் பிரேக் போடாதே என்று அவர் சொல்லியிருந்தார். அப்படியே போனேன். கதவுக்குக் கீழே தண்ணீர் உரசும் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. மேட்டில் ஏறியதும் நிறுத்தாமல், "தாண்டிட்டேன்ணே," என்றேன். தொலைபேசி இணைப்பு அறுந்துபோயிருந்தது.

வீட்டு வாசல் திறந்தே இருந்தது. கூடத்தில் அண்ணி ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, வாரிக் கட்டிய தலை. மூக்கில் மெல்லிய குழாய், பக்கத்தில் ஆளுயரத்தில் பாதி இருக்கும் சிலிண்டர், கையில் ஜெபமாலை. சிலிண்டர் முள் சிவப்புக் கோட்டுக்குள் இறங்கியிருந்தது. அதைப் பார்க்காத மாதிரி, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீதானா அந்த ஹேண்ட்போன்?" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் ஒரு மூச்சு.

காடியைப் பின்பக்கமாகப் போர்ட்டிகோவுக்குள் ஏற்றினேன். இணைப்பைச் செருகி, வயரைச் சன்னல் கம்பி வழியாக உள்ளே விட்டு, மெஷினைப் பொருத்தி, பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். இல்லை. அண்ணியின் விரல்கள் மணிகளில் வேகமாக நகர ஆரம்பித்தன. மரத்தடியில் கைதட்டல் வாங்க ஒரே முயற்சியில் ஓடியது இங்கே ஓடவில்லை. வெளியே ஓடிப் பார்த்தேன். அவசரத்தில் இணைப்பை முழுதாகத் தள்ளவில்லை, பூட்டு விழவில்லை. அழுத்தித் தள்ளினேன். ‘டக்’ என்று விழுந்தது. உள்ளே மெஷின் ஒருமுறை கூவிவிட்டு உறும ஆரம்பித்தது. சிவப்பு விளக்கு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையானது.

அண்ணி தாமே குழாயைச் சிலிண்டரிலிருந்து கழற்றி மெஷினில் மாட்டினார். பழகிய கை. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நான் தரையில் உட்கார்ந்து அவருடைய மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதட்டில் நிறம் திரும்பியதும் அவர்தான் பேச ஆரம்பித்தார்.

தம் நோயைப் பற்றி யாரிடமும் சொல்லக் கூடாது என்று அண்ணனிடம் கேட்டுக்கொண்டது அவர்தானாம். பரிதாபமான முகங்களோடு யாரும் வீட்டுக்கு வருவது பிடிக்காது. நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகிறது, சரியாகாது, மெஷின்தான் துணை என்று சமையல் குறிப்பு சொல்வது போலச் சொன்னார். அந்தத் தாமானில் கரண்டு போவது புதிதில்லை. ராத்திரியில் காற்றாடி நின்றால், தமக்கு முன்னால் எழுந்துகொள்வது அண்ணன்தானாம். சத்தம் கேட்டு எழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், சத்தம் நின்றால் எழுகிறவர் இவர்தான் என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமானது.

பிறகு ‘அன்னைக்கு’ என்று அண்ணன் சொன்னது எது என்று தெரிந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் வந்த வெள்ளம். அப்போது வீட்டில் சிலிண்டர் கிடையாது, மெஷின் மட்டும்தான். கரண்டு நின்றது. ஆம்புலன்ஸ் வருகிறோம் என்றது. காத்திருந்து காத்திருந்து, அண்ணன் தம்முடைய சின்னக் காரில் அண்ணியைப் பின்னால் படுக்க வைத்துக்கொண்டு கிளம்பினார். நான் கடந்து வந்த அதே பள்ளத்தில் கார் நின்றுவிட்டது. எஞ்சினுக்குள் தண்ணீர். அண்ணியைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் நடந்தார். வழியில் அண்ணிக்கு நினைவு போய்விட்டது. யார் ஏற்றிக்கொண்டார்கள், எப்படி மருத்துவமனைக்குப் போனோம் என்பது தமக்கு இன்றுவரை தெரியாது என்றார். அண்ணன் அதைப் பேசவே மாட்டாராம்.

"ஆஸ்பத்திரிலருந்து வந்த மாசமே இந்தப் பெரிய காடிய வாங்கிட்டாரு. எல்லாரும் ஸ்டைலுக்கு வாங்கிருக்காருனு நெனச்சாங்க." மூச்சு வாங்கிக்கொண்டார். "அந்தக் காடிக்கும் எனக்கும் ஒரே மாதிரி குழாய் பாத்தியா?"

நான் சிரிக்க முயன்றேன். முடியவில்லை. அந்த மனிதர் காட்டுக்குப் போகாததற்கும், ஞாயிறு கூட்டத்திலிருந்து முதலில் கிளம்பியதற்கும், கரண்டை நம்பாதே என்று சொல்லும்போது மட்டும் குரல் கடுத்ததற்கும் காரணம் இந்தக் கூடத்தில், இந்த நாற்காலியில் இருந்திருக்கிறது. அவருடைய மூன்று கேள்விகளும் என் காடியைப் பற்றியவை அல்ல. எங்கே சார்ஜ், வெள்ளம் வந்தால், கரண்டு போனால். ஒவ்வொன்றையும் அவர் தினமும் தமக்கே கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குத்தான் நான் எண் போட்டு மூன்று பதில் வைத்திருந்தேன்.

அப்படியிருக்க இன்றைக்கு ஏன் உங்களைத் தனியே விட்டுவிட்டுப் போனார் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது.

"அவரு எங்க போனாரு? நாந்தான் தொரத்துனேன்," என்றார். "பிள்ளைங்க கூரை மேல ஒக்காந்திருக்குனு போன் வருது. காலையில இங்க கரண்டு இருந்துச்சு. அன்னைக்கு நமக்கு ஒருத்தரும் வரலியேனு எவ்வளவு அழுதோம். இப்ப காடிய வெச்சுக்கிட்டு வீட்டுல ஒக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

பிற்பகலில் அண்ணன் வந்தார். வண்டி முழுக்கச் சேறு. வாசலிலேயே நிறுத்திவிட்டு இறங்கினார். உள்ளே ஓடி வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. மெஷின் ஓடும் சத்தம் தெருவுக்கே கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு என் காடியிலிருந்து சன்னல் வரை போன ஆரஞ்சு வயரைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தார். வயரும் இணைப்பும் சேரும் இடத்தில் கூரையிலிருந்து சாரல் தெறித்துக்கொண்டிருந்தது. தம் மழைக்கோட்டைக் கழற்றி, குனிந்து, அந்த இடத்தைச் சுற்றிப் போர்த்தினார். ஒரு பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி. அதன் பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"எத்தன பர்சன்ட் இருக்கு?"

அதே கேள்வி. அதே சொற்கள். சிரிக்க யாரும் இல்லை.

"அறுபத்தேழுண்ணே," என்றேன்.

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"நாளைக்கு முழுக்கத் தாங்கும். நாளான்னிக்கும் தாங்கும்."

அவர் படியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். தோள்கள் அசைந்தன. நான் உள்ளே திரும்பிக்கொண்டேன். அண்ணி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, வாசலை நோக்கிக் குரல் கொடுத்தார்.

"என்னங்க. கரண்டு டீ ஒரு கப் போடச் சொல்லவா?"

அன்று அவர் அந்த டீயைக் குடித்தார். இரண்டு கோப்பை குடித்தார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் தாமானுக்குக் கரண்டு திரும்பியது. அதுவரை அவர் அரை மணிக்கொரு தரம் எழுந்துபோய், காடிக் கண்ணாடி வழியாகத் திரையைப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தார். வயரை நான் எடுத்துப் போகவில்லை. தொழிற்சாலைக்கு வேறு வாங்கிக் கொடுத்துக்கொள்ளலாம், இது இங்கேயே இருக்கட்டும் என்றேன். சன்னலுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து, சுருட்டி மாட்டினார்.

அடுத்த ஞாயிறு மரத்தடியில் ஒன்றும் மாறவில்லை. அண்ணன் வந்து இறங்கினார், எத்தனை பர்சன்ட் என்று கத்தினார், எல்லாரும் சிரித்தார்கள். நான் எண்ணைச் சொன்னேன். அண்ணியின் விருப்பப்படி நானும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் வார இறுதியில் சார்ஜை எண்பதுக்குக் கீழே இறங்க விட்டதில்லை. அவர் அந்த எண்ணைக் கேட்டுத் தலையை ஆட்டுவார். பிறகு முதல் ஆளாகக் கிளம்பிப் போவார். பின்னாலிருந்து கத்துகிறவர் கத்திக்கொண்டுதான் இருந்தார்.

இந்த ஆண்டு ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அண்ணி இறந்துபோனார். மருத்துவமனையில்தான், நோயால்தான். கரண்டும் வெள்ளமும் அதற்குக் காரணம் இல்லை. அண்ணன் கடைசி வரை பக்கத்தில் இருந்தார்.

துக்க வீட்டுக்குக் கூட்டம் முழுவதும் வந்தது. அங்கேதான் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்தது. ‘வீட்டம்மா கூப்டுட்டாங்க’ என்று ஞாயிறுதோறும் கத்தியவர், கறுப்பு வண்டியின் பக்கத்தில் போய் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். யாரும் காடியைப் பற்றிப் பேசவில்லை. கூடத்தில் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. மெஷின் மூலையில் வெள்ளைத் துணி போர்த்தியபடி இருந்தது. வெள்ளத்தன்று நான் நுழைந்த அந்தச் சில நிமிடங்களுக்குப் பிறகு, அந்த வீட்டை அந்தச் சத்தம் இல்லாமல் அன்றுதான் கேட்டேன்.

கிளம்பும்போது இருட்ட ஆரம்பித்திருந்தது. அண்ணன் வாசல் கேட் வரை கூடவே வந்தார். போர்ட்டிகோவைக் கடக்கும்போது சன்னலோரம் பார்த்தேன். ஆரஞ்சு வயர் ஆணியில் அப்படியே தொங்கியது. அவரும் பார்த்தார். நான் காடியில் ஏறிக் கண்ணாடியை இறக்கினேன். அவர் குனிந்து கேட்டார்.

"எத்தன பர்சன்ட் இருக்கு?"

"நாப்பத்தி ரெண்டுண்ணே."

"வீட்டுக்குப் போயிருவியா?"

"போயிருவேன்."

"பாலத்துல காத்து அடிக்கும். மெதுவா போ. போய்ச் சேந்ததும் மெசேஜ் போடு."

போய்ச் சேர்ந்ததும் செய்தி அனுப்பினேன். உடனே பார்த்துவிட்டார் என்பதைத் திரை காட்டியது. அதுவரை தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்திருக்கிறார். கவலைப்படுவதற்கு வீட்டில் ஆள் இல்லாமல்போன முதல் நாளில், அந்தக் கவலையை என் மேல் வைத்து அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மரத்தடியில் சண்டை இன்றும் நடக்கிறது. ஃபோர்வீல் பெரிதா, சார்ஜ் போடுவது பெரிதா என்று யாராவது தொடங்கியதும், என் மனம் ஒன்று, இரண்டு, மூன்று என்று பதில்களை அடுக்க ஆரம்பித்துவிடுகிறது. அந்தப் பழக்கம் போகவில்லை. ஆனால் முதல் பதிலைச் சொல்ல வாயைத் திறக்கும் முன், எதிரே உட்கார்ந்திருப்பவர் தம் வீட்டில் எந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாது என்று பயந்துகொண்டிருக்கிறாரோ என்று ஒரு கணம் நினைத்துப் பார்க்கிறேன்.